சல்லடை நிழலில் பர்மா தனியா

இலையைப் பறித்தவுடன் முகரக் கூடாது. முதலில் அதன் விளிம்பை ஆள்காட்டி விரலால் அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்க்க வேண்டும். ரம்பப் பல் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். அவை விரலைக் குத்தினால் செடி வெயிலில் வளர்ந்தது. கிச்சுகிச்சு மூட்டினால் நிழலில் வளர்ந்தது. அடுத்து நடு நரம்பை மடக்க வேண்டும். நல்ல இலை வெண்டைப் பிஞ்சு போலப் பட்டென்று ஒடியும். முற்றிய இலை நார் காட்டி வளையும். இவ்வளவும் ஆன பிறகு கசக்கி முகரலாம். கைநிறையக் கொத்தமல்லியைக் கசக்கினால் வரும் வாசனையை இந்த ஒற்றை இலை தரும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அடுத்த வேளைச் சோறுவரை விரலில் நிற்கும்.

அந்தமானில், எங்கள் பத்துபஸ்தியில் இதற்குப் பர்மா தனியா என்று பெயர். அபர்டீன் பஜாரிலிருந்து தெற்கே வரும்போது கடைகள் குறைந்து கமுகும் தென்னையும் கூடத் தொடங்கும் இடம் எங்கள் ஊர். பஸ்தி என்றால் இந்தியில் குடியிருப்பு. முன்னால் நிற்கும் 'பத்து' தமிழ்க் காதுக்கு எண்ணாகக் கேட்டாலும் கணக்கு ஒன்றும் இல்லை. தெருவில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் அந்தமான் இந்தியில் கலந்து ஓடும். ஆனால் எந்த வீட்டுப் பின்கட்டுக்குப் போனாலும், குளியலறைத் தண்ணீர் வடியும் ஓரத்தில், மரத்தடியில், தரையோடு தரையாக வட்டமாக விரிந்த இந்தச் செடி இருக்கும். விருந்துக்குப் போனவர் திரும்பும்போது வேரோடு ஒன்றைப் பிடுங்கிக் கொடுப்பார்கள். பணம் கொடுத்து வாங்கிய நாற்றை இங்கே நான் பார்த்ததில்லை.

பக்கத்து காராச்சரமாவில், 1978இல் 'காரி' என்ற மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தீவுக்குரிய கீரைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் இதையும் விடவில்லை. தேர்ந்தெடுத்த ஒரு வகைக்கு 'காரி பிராட் தனியா' என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். பின்கட்டுச் செடிக்கு அரசாங்க முத்திரை கிடைத்தது. பின்கட்டுப் பெண்களோ அந்தப் பெயரைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு அது இன்றும் பர்மா தனியாதான்.

இந்தச் செடியின் பெயர்களைச் சேர்ப்பதே ஒரு தனி ருசி. அந்தமானில் நாம் பர்மா தனியா என்கிறோம். நம் தீவுக் கூட்டத்தின் வடக்கு முனையைத் தாண்டினால் கோகோ தீவுகள்; அவை பர்மாவுக்குச் சொந்தம். 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் பக்கம் வெபியில் குடியேறினார்கள். ஆக, பர்மா நமக்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுப் பெயரை வைத்ததில் வியப்பில்லை. வியப்பு பர்மாவில் இருக்கிறது. அவர்கள் இதை 'ஷான் நன்நன்' என்கிறார்கள். ஷான் மலைநாட்டுக் கொத்தமல்லி என்று பொருள். மணிப்பூரில் 'அவா பதிகோம்'. அவா என்றால் அவர்கள் மொழியில் பர்மா. வங்காளிகளுக்கு 'பிலாத்தி தனே பாதா', அதாவது சீமைக் கொத்தமல்லி. தாய்லாந்தில் 'பக் சி பரங்'; அந்தப் பரங்கும் நம் பறங்கியும் ஒரே சொல். கேரளத்தில் ஆப்பிரிக்கன் மல்லி. ஆளுக்கு ஒரு திசையைக் கைகாட்டுகிறார்கள். செடியின் தாய்வீடோ மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்கா வரைக்குமான வெப்பநாடுகளும் கரீபியத் தீவுகளும். எந்த ஊரிலும் 'இது எங்களுடையது' என்று ஒருவரும் சொல்லாத செடி, எல்லா ஊரிலும் குடும்ப அட்டை வாங்கிவிட்டது. மெயின்லேண்டிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் நிறைந்த ஊரில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்ள ஆள் கிடைக்கும்.

1753இல் லின்னேயஸ் இதற்கு எரிஞ்சியம் ஃபீட்டிடம் என்று பெயர் வைத்தார். ஃபீட்டிடம் என்ற லத்தீன் சொல்லுக்குத் துர்நாற்றம் வீசுவது என்று பொருள். இதே செடியை டிரினிடாட்டில் 'ஷாடோ பெனி' என்கிறார்கள். 'ஆசி பெற்ற முட்செடி' என்னும் பிரெஞ்சுத் தொடர் அந்தத் தீவின் வாயில் திரிந்து அப்படி ஆனது. ஒருவர் மூக்கைப் பொத்துகிறார், இன்னொருவர் கும்பிடுகிறார். தமிழனுக்கு இந்த வழக்கைத் தீர்ப்பது சுலபம். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூவின் நாற்றம் என்று தயங்காமல் எழுதியவர்கள் நாம். சொல் பின்னாளில் கெட்டுப்போனது. இந்த இலை அந்தப் பழைய பொருளிலும் இன்றைய பொருளிலும் ஒரே சமயத்தில் நாறும். டிரினிடாட்டின் இந்திய வம்சாவளியினர் இதற்கு வைத்திருக்கும் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது: பந்தனியா. பன் என்பது வனம். வனத் தனியா. செடி விரும்பும் இடத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. காட்டோரத்து ஈரமும் மர நிழலும் இதன் பிறவிச் சுபாவம்.

கொத்தமல்லியும் இதுவும் ஒரே குடும்பம். சீரகம், சோம்பு, கேரட்டெல்லாம் பங்காளிகள். ஆனால் கொத்தமல்லி தீவுக்கு ஒத்துவராத மாப்பிள்ளை. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். கொத்தமல்லியின் மெல்லிய தண்டு அந்த மழையில் சாய்ந்து, அடியில் அழுகிப்போகும். மழை விட்ட மாதங்களில் வெக்கை தாங்காமல் அவசரமாகப் பூத்துவிடும். சென்னையிலிருந்து கப்பலில் வரும் கட்டு பாதி மஞ்சளாகத்தான் வந்து சேரும். இந்தக் குறையைப் பர்மா தனியா தீர்த்தது. தரையைக் கவ்விக்கொண்டு வளர்வதால் மழைக்குச் சாய்வதில்லை. ஆழமாக ஆணிவேர் விடுவதால் ஒருமுறை ஊன்றினால் இரண்டு மூன்று வருடம் இருக்கும். அது விதைத்த குஞ்சுகளையும் சேர்த்தால் எத்தனை வருடம் என்று கணக்கில்லை.

அப்படியானால் இதில் கலை எங்கே? எல்லா வீட்டிலும் தானாக வளரும் ஒன்றைப் பற்றி ரசனை என்று பேச என்ன இருக்கிறது? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் செடிகள் ஒரு சாண்கூட நீளாமல், தடித்து, முள்ளாகி, வந்த மூன்றாம் மாதமே தண்டு விட்டு நின்றன. இரண்டு வீடு தள்ளி ஒரு வங்காளி மாசி வளர்த்த இலைகளோ முக்கால் முழ நீளம், நான்கு விரல் அகலம், தொட்டால் புது வெற்றிலை. என்ன உரம் என்று கேட்டேன். மாசி என் தோட்டத்துக்கு வந்து செடியைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "உரம் எதற்கு பேட்டா? உனக்குக் குடை இல்லை" என்றார்.

அன்றிலிருந்து நிழலைப் படிக்கத் தொடங்கினேன். இந்த விவசாயத்தில் பயிர் செய்ய வேண்டியது நிழலைத்தான். இலை அதன் மகசூல்.

வெயில் கூடினால் இந்தச் செடிக்குச் சீக்கிரம் வம்சத்தைக் கரையேற்றிவிட வேண்டும் என்ற பதற்றம் வந்துவிடும். இலை போடுவதை நிறுத்திப் பூத்தண்டை அனுப்பும். பகல் நீண்டாலும் அப்படியே. போர்ட்டோ ரிக்கோவில் இது அன்றாடச் சமையலின் உயிர். 1991இல் அங்கே வெளியான ஓர் ஆய்வு, நிழலில் வைத்த செடிகள் பூப்பதைத் தள்ளிப்போட்டு இலையைப் பெருக்கியதைக் காட்டியது. காரணம் எளிது. வெளிச்சம் குறைந்தால் கிடைக்கும் வெளிச்சத்தை வாரிக்கொள்ள இலை தன்னை அகலமாக விரிக்கிறது, மெல்லியதாக்குகிறது, பச்சையத்தைக் கூட்டுகிறது. செடி தன் பஞ்சத்துக்குச் செய்யும் ஏற்பாடு நம் தட்டுக்கு விருந்தாகிறது. பஞ்சம் அளவோடு இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். அடர்ந்த இருட்டில் வைத்தால் இலை வெளிறி நீண்டு தொங்கும். வாசனையும் தண்ணீர் கலந்தது போல ஆகிவிடும்.

எனவே ஒவ்வொரு மரத்தின் நிழலையும் தனித்தனியாக ருசி பார்க்க வேண்டியிருக்கிறது. மாமர நிழல் ஒரே இருட்டு. மழை நின்று அரைமணி ஆன பிறகும் சொட்டிக்கொண்டே இருந்து மண்ணைக் குழிக்கும். பலாவும் அப்படித்தான். வாழையின் நிழல் குளிர்ச்சியானது, ஆனால் நம்ப முடியாது. ஒரு காற்றில் இலை கிழிந்தால் நிழலும் கிழிந்துவிடும். முருங்கை பெயருக்கு நிழல் தரும். தென்னை நல்ல குடை. கீற்றுகளின் இடுக்கில் வெயில் கோடுகோடாக இறங்கி, காற்றில் ஆடி, ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். எந்த இலையும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் காயாது. அதைவிடவும் ஒரு படி மேல், நடுத்தர வயதுக் கமுகு வரிசை. மெலிந்த தண்டு, உயரத்தில் சின்னக் கொண்டை, வரிசைக்கு நடுவே சல்லடையில் சலித்த வெளிச்சம். தீவுக்காரர்கள் கமுகந்தோப்புக்குள் இதைப் போட்டு வைப்பது இடம் மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை.

மரம் இல்லாதவர்களுக்குச் சுவர் உண்டு. சுவரின் நிழலைப் படிக்க நம் ஊர்ச் சூரியனின் குணம் தெரிய வேண்டும். கடிகாரம் மெயின்லேண்டுக்கு ஓடுகிறது, சூரியன் நமக்கு ஓடுகிறது. ஜூன் மாதத்தில் காலை ஐந்துக்கெல்லாம் விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்கு விளக்குப் போட வேண்டும். உச்சி என்பது கடிகாரத்தில் பன்னிரண்டு இல்லை, ஏறக்குறைய பதினொன்று இருபது. காலை எட்டு வரைக்குமான வெயில் பால் மாதிரி, இந்தச் செடிக்கு எத்தனையும் கொடுக்கலாம். ஒன்பதுக்குமேல் அது அமிலம். ஆகையால் கிழக்குச் சுவர் நல்லது, மேற்குச் சுவர் ஆகாது. வடக்குச் சுவரில் ஒரு பொடி இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே நிழல்தான். ஆனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அந்தப் பக்கமே நிற்கும். வருடத்திலேயே பகல் நீண்ட மாதங்களும் அவைதான். மே முதல் மழைமேகம் மூடிவிடுவதால் தப்பிக்கிறோம். மேகம் வராத அந்தச் சில வாரங்களுக்கு இரண்டு காய்ந்த தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால் போதும். இதைச் செய்யாத வருடம் வடக்குச் சுவர்ச் செடிகள் எல்லாம் ஒன்றாகத் தண்டு விடும்.

நிழல் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். உச்சிப்பொழுதில் செடிக்குமேல் ஒரு முழ உயரத்தில் கையை நீட்டுங்கள். தரையில் ஐந்து விரலும் கூராக விழுந்தால் வெயில் அதிகம். கை விழுந்தும் விரல்கள் கலங்கித் தெரிந்தால் அதுதான் இடம். கையே விழவில்லை என்றால் அங்கே பாசிதான் வளரும். மொட்டை மாடிக்காரர்கள் 50 சதவீத நிழல்வலையை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். பயிர் நன்றாகவே வரும். ஆனால் வலையின் நிழல் அசையாது. கமுகின் நிழல் மூச்சு விடும்.

விதைப்பது பொறுமைக்கான பரீட்சை. பூக்கதிர் பழுப்பாகும்போது உதிர்த்து எடுக்கும் விதை, கடுகைவிடப் பொடி, ஊதினால் போய்விடும். மணலோடு கலந்து தூவ வேண்டும். மண்ணைப் போட்டு மூடக் கூடாது. உள்ளங்கையால் தட்டி விட்டாலே போதும். மேலே நனைத்த சாக்கு. முளைக்க இரண்டு வாரமும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். பத்தாம் நாளில் நம்பிக்கை இழந்து பாத்தியைக் கொத்திவிட்டு அதில் மிளகாய் நடுபவர்கள் உண்டு. மறுமாதம் மிளகாய்க்கு நடுவே தனியா எட்டிப் பார்க்கும். விதை பழசானால் முளைப்பு விழுந்துவிடுவதால் அந்தந்தப் பருவத்து விதையைப் போடுவதே நல்லது. நாலைந்து இலை விட்டதும் ஒரு சாணுக்குக் குறையாமல் இடம்விட்டு எடுத்து நடலாம். மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. எங்கள் ஊர்க் களிமண்ணில் இதற்கு ஒரே வழி மேட்டுப்பாத்தி. பக்கவாட்டில் தேங்காய் உரிமட்டையை அடுக்கினால் அணையும் ஆயிற்று, கோடைக்கு ஈரம் காக்கும் பஞ்சும் ஆயிற்று. பிப்ரவரி, மார்ச்சில் குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும்போது, அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் பாத்திக்குப் போய்விடும்.

பகைவன் ஒருவன் உண்டு: ஆப்பிரிக்க ராட்சச நத்தை. 1942 முதல் 1945 வரை தீவு ஜப்பானியர் பிடியில் இருந்தபோது வந்து சேர்ந்தது என்று இங்கே சொல்வார்கள். நிழலும் ஈரமும் அதற்கும் பிடிக்கும் என்பதுதான் சங்கடம். ஒரே இரவில் நாற்றங்காலை மழித்துவிடும். சாம்பல் தூவினால் மழை கரைத்துவிடுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சும் உப்புத்தண்ணீர் வாளியுமாகப் போய்ப் பொறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கையுறை அவசியம், நத்தை மனிதருக்கு நோய் தரும் புழுவைச் சுமக்கும். அது ஊர்ந்த இலைகளை நன்றாகக் கழுவாமல் பச்சையாகச் சாப்பிடவும் கூடாது.

இனி, பறிப்பது. வெளிவட்ட இலைகளை மட்டும், அடியோடு, நகத்தால் கிள்ளாமல் கத்தியால் அறுக்க வேண்டும். நடுக்குருத்தைத் தொடக் கூடாது. எப்போதும் ஆறேழு இலை செடியில் மிச்சம் இருக்க வேண்டும். நடுவிலிருந்து முள் நட்சத்திரம் போல ஒரு முனை எழுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அதுதான் பூத்தண்டு. ஒரு விரல் உயரத்தில் ஒடித்துவிட்டால் செடி மறுபடி இலைக்குத் திரும்பும். அசந்து நாலு நாள் விட்டால் அது கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கணுவிலும் முட்கிரீடம் கட்டி, நடுவே பச்சை கலந்த வெள்ளையில் குட்டிக் கதிர்களை வைத்துவிடும். பார்க்க அழகுதான். வரிசைக்கு ஒரு செடியை அப்படியே விட்டுவிடுங்கள். விதைக்கும் ஆயிற்று, குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் விருந்தும் ஆயிற்று.

அடுப்பங்கரையில் இது கொத்தமல்லியின் பதிலி இல்லை. கொத்தமல்லி இறக்கும்போது தூவ வேண்டியது, கொதித்தால் செத்துவிடும். பர்மா தனியா கொதியைத் தாங்கும். உலர்த்தினாலும் நிறமும் மணமும் பெருமளவு நிற்கும். இரண்டுக்கும் மணம் தருபவை உறவுக்கார ஆல்டிஹைடுகள்தாம்; இந்த இலையில் முதன்மையானதற்கு இதன் பெயரையே தழுவி எரிஞ்சியால் என்று பெயர். வியட்நாமில் ஃபோ சூப்புக்குப் பக்கத்தில் முழு இலையாகத் தட்டில் வைப்பார்கள்; போர்ட்டோ ரிக்கோவில் பூண்டு, வெங்காயம், மிளகாயோடு அரைத்துச் சோஃப்ரிட்டோ ஆக்குவார்கள். பத்துபஸ்தி வீடுகளில் சுர்மை மீன் குழம்புக்கு இரண்டு இலை, பருப்புக்கு ஒன்று. என் தரவரிசையில் முதலிடம் ரசத்துக்கு. புளி கொதிக்கும்போதே ஓர் இலையை நீளவாக்கில் கிழித்துப் போட்டுவிட வேண்டும். நுரை கூடும் நேரத்தில் வீடு முழுக்க அறிவிப்பு வந்துவிடும். இரண்டாமிடம் துவையல்: தேங்காய், பச்சைமிளகாய், உப்பு, துளி புளி, நாலே நாலு இலை. ஐந்தாவது இலை போட்டால் அடாவடி. அளவு தெரியாமல் கைப்பிடி கணக்கில் போட்டவர்கள்தான் லின்னேயஸ் கட்சியில் சேர்கிறார்கள்.

மெயின்லேண்டிலிருந்து வரும் உறவினர்கள் முதல் நாள் முகத்தைச் சுளிப்பார்கள். நாலாம் நாள் ரசத்தில் இலை எங்கே என்று கேட்பார்கள். திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றிய இரண்டு செடி அவர்கள் பையில் இருக்கும். தஞ்சாவூரிலும் மதுரையிலும் கிணற்றடித் தென்னை நிழலில் இது பிழைத்துக்கொண்டதாகப் போனில் செய்தி வரும். வெயிலில் வைத்தவர்களின் செடி மட்டும் முள்ளாகிப் போயிருக்கும்.

ஊரில் இப்போது புது வீடு கட்டுபவர்கள் சுற்றுச்சுவர் வரை சிமெண்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். சேறு வராது, பெருக்கச் சுலபம் என்கிறார்கள். முன்வாசலுக்கு அது சரி. பின்கட்டில், சுவர் நிழல் விழும் பக்கம், நாலு முழ நீளத்துக்கு இரண்டு முழ அகலம் மட்டும் மண்ணை விட்டுவையுங்கள். வெயில் படாத மூலை எதற்கும் உதவாது என்று கொத்தனார் சொல்வார். அவரை உட்காரவைத்து ஒரு டம்ளர் ரசம் கொடுங்கள்.